பிணையில் வந்த பொடியனும் வாக்குமூலத்துக்குப் போக வேண்டிய மகனும்

கேள்வி:

ஐயா, திருகோணமலை நகரத்துக்கு வடக்கே கடற்கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறோம். மூன்று மாதமாக எங்கள் ஒழுங்கையில் ஒரே களவு. தண்ணீர் மோட்டார், காஸ் சிலிண்டர், பிள்ளைகளின் சைக்கிள், கரையில் வைத்த வலை என்று ஒன்றையும் விடவில்லை. போன மாதம் ஓர் இரவு, பக்கத்து ஒழுங்கைப் பொடியன் ஒருவன் எங்கள் வீட்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அகப்பட்டான். வயது இருபது இருக்கும். தூள் பாவிக்கிறவன் என்று எல்லாருக்கும் தெரியும். ஊர்ப் பொடியன்கள் அவனை மின்கம்பத்தில் கட்டி அடித்தார்கள். என் மகனும் அடித்தான். "எட்டு வீட்டிலும் நான்தான் எடுத்தேன்" என்று அவன் சொன்னதை யாரோ போனில் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். விடிந்ததும் பொலிஸில் ஒப்படைத்தோம். நான் தமிழில் சொன்னேன், அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள், கையெழுத்து வைத்தேன். இரண்டு கிழமையில் அவன் பிணையில் வந்து எங்கள் முன்னாலேயே திரிகிறான். அவனுடைய தாய் இப்போது என் மகன் மேல் முறைப்பாடு கொடுத்து, மகனை வாக்குமூலத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கள்ளனை விட்டுவிட்டு என் பிள்ளையைப் பிடிப்பது நியாயமா? இனிப் பொலிஸ், கோடு என்று போகாமல் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று ஊரில் கதைக்கிறார்கள். சாட்சி சொல்லவும் போகாதே என்று வீட்டுக்காரர் தடுக்கிறார். நாங்கள் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் மகனின் விஷயம்தான் அவசரம். அதை முதலில் பார்ப்போம்.

சொன்ன நாளில் மகன் பொலிஸ் நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும். மூதூரிலோ கிண்ணியாவிலோ தெரிந்தவர் வீட்டில் போய் நின்றால், ஒரு வாக்குமூலத்தோடு அடங்கக்கூடிய விஷயம் பிடியாணை வரைக்கும் போகும். தனியாகப் போகவும் விடாதீர்கள். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி ஆஜராவதற்கான விதிகள் 2012இல் வர்த்தமானியில் வெளிவந்தன. கட்சிக்காரருக்காக அங்கே வந்து பேசும் உரிமை சட்டத்தரணிகளான எங்களுக்கு உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கென்றே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆணைக்குழு அது. கிராம உத்தியோகத்தரிடம் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதமும் வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லி யாராவது புத்தி சொல்வார்கள். அழிக்க வேண்டாம். சான்றை அழிப்பது தனிக் குற்றம். இனி யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண் முன்னே களவு எடுத்துக்கொண்டு போகிறவனைப் பிடித்து வைக்க ஊர்ச்சனத்துக்கு உரிமை இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அதைத் தருகிறது. அதே பிரிவு, பிடித்தவரைத் தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்கவும் சொல்கிறது. கம்பத்தில் கட்டுவதற்கும் விடியும்வரை அடிப்பதற்கும் அதில் இடம் கிடையாது. கையால் அடித்து ஏற்பட்ட சிறு காயம் என்றால் தண்டனைச் சட்டக்கோவையின்படி கூடியது ஒரு வருடச் சிறை. ஆபத்தான ஆயுதத்தால் என்றால் மூன்று வருடம். ஓர் எலும்பு முறிந்தாலோ ஒரு பல் விழுந்தாலோ அது கடுங்காயம், ஏழு வருடம் வரைக்கும் போகலாம். இதில் எது என்பதைச் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். ஆகவே உங்கள் மகன் என்ன செய்தார், எதால் அடித்தார், எத்தனை பேர் நின்றார்கள் என்பதைச் சட்டத்தரணியிடம் ஒன்றும் விடாமல் சொல்லச் சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்தில் என்ன சொல்வது என்பதை அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம்.

அந்த அடியால் வந்த இன்னொரு நட்டத்தை ஊரில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அது உங்கள் களவு வழக்கையே பலவீனமாக்கிவிட்டது.

எட்டு வீட்டிலும் தான்தான் எடுத்தேன் என்று அவன் சொன்ன வீடியோவை ஊர் பெரிய ஆதாரமாக நினைக்கிறது. பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலையே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஏற்பதில்லை. அடிக்குப் பயந்து என்ன வேண்டுமானாலும் சொல்ல வைக்கலாம் என்பதால்தான் அந்த விதியே வந்தது. அப்படியிருக்கக் கம்பத்தில் கட்டப்பட்டு இரத்தம் வடிய ஒருவன் சொன்னதை எந்த நீதவான் நம்பப் போகிறார்? அந்த வீடியோ உங்கள் மகனுக்கு எதிராகத்தான் பேசும். 1995ஆம் ஆண்டிலிருந்து இப்படியான பதிவுகளைச் சான்றாக ஏற்கத் தனிச் சட்டமே இருக்கிறது.

உங்களிடம் உண்மையில் இருந்த பலமான ஆதாரம் அவன் கையில் இருந்த மோட்டார். களவுபோன பொருள் போன கையோடு ஒருவனிடம் அகப்பட்டு, அது எப்படி வந்தது என்று அவனால் சொல்ல முடியாவிட்டால், அவனே கள்ளன் அல்லது கள்ளப்பொருள் என்று தெரிந்தே வாங்கியவன் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். அதே கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு இது. ஒரு அடியும் இல்லாமல், அந்த மோட்டாரும் கண்ட இரண்டு பேரும் போதும். ஆகவே இப்போதாவது செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். மோட்டார் வாங்கின பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். பெட்டி கிடந்தால் அதிலுள்ள தொடர் இலக்கத்தைப் பாருங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் வாங்கின கடையில் பதிவு இருக்கும், பூட்டிக் கொடுத்த வேலையாள் அடையாளம் சொல்லலாம். மற்ற ஏழு வீட்டுக்காரரும் முறைப்பாடு கொடுத்தார்களா? நீங்கள் அதை எழுதவில்லை. கொடுக்காவிட்டால் சட்டத்தின் கண்ணில் அந்த ஏழு களவும் நடக்கவேயில்லை. இன்றைக்கென்றாலும் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. ஏன் பிணை கொடுத்தார்கள்?

உங்கள் கடிதத்தில் "விட்டுவிட்டு" என்ற சொல் வருகிறது. நீதிமன்றம் அவனை விடவில்லை அம்மா. வழக்கு அப்படியே இருக்கிறது, தவணைக்குத் தவணை அவன் வர வேண்டும், வராவிட்டால் பிணை நின்றவர்களுக்கும் சிக்கல். எங்கள் நாட்டில் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே வழமை, மறுப்பதே விதிவிலக்கு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்வதன் தொடர்ச்சி அது. தவணைக்கு வரமாட்டார், சாட்சிகளைக் குழப்புவார், வெளியே வந்து திரும்பவும் குற்றம் செய்வார், அவரை விட்டால் ஊரில் அமளி வரும் என்று நீதிமன்றம் நம்புவதற்குக் காரணம் இருந்தால் மறுக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை யாராவது நீதவான் முன்னால் வைக்க வேண்டும். ஒரேயொரு முறைப்பாடும் ஒரேயொரு மோட்டாரும் பதிவில் இருக்கும்போது, எட்டு வீட்டுக் கதை, பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் பி அறிக்கையில் எப்படி வரும்? பிணை கேட்கும் நாளில் பாதிக்கப்பட்டவர் சார்பிலும் ஒரு சட்டத்தரணி எழும்பிப் பேசலாம் என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. அடுத்த தவணையில் நிபந்தனை கேட்கலாம். ஞாயிறுதோறும் பொலிஸில் கையொப்பமிடுவது, சாட்சிகளின் வீட்டுப் பக்கம் போகாதிருப்பது போன்றவை. அதை மீறினால் பிணையை இரத்துச் செய்யச் சொல்லலாம்.

அவனை உள்ளேயே வைத்திருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. இலங்கைச் சிறைகளில் இருக்க வேண்டிய அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். அதில் அரைவாசிக்கு மேற்பட்டோர் இன்னும் தீர்ப்பு வராத விளக்கமறியல் கைதிகள். பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்க இரண்டு சரீரப் பிணைக்கு ஆள் கிடைக்காமல் கிடக்கிற ஏழைப் பொடியன்களும், பெரிய அளவில் தூள் விற்று அகப்பட்டவர்களும் ஒரே கூரைக்குக் கீழே. இருபது வயதில் மோட்டார் களவெடுத்தவன் அங்கே ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தால் யாருடைய தொடர்போடு வருவான் என்று யோசித்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான யுக்திய என்ற பொலிஸ் நடவடிக்கை தொடங்கி நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். அதில் ஏராளமானோர் பாவிக்கிறவர்கள். ஐ.நா. நிபுணர்களே அதை நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். அத்தனை பேரைப் பிடித்த பிறகும் உங்கள் ஒழுங்கையில் தூள் கிடைக்கிறது. பிடிபடுகிறவர்களின் எண்ணிக்கையை வைத்து ஊரின் பாதுகாப்பை அளக்க முடியாது என்பதற்கு உங்கள் கடிதத்தைவிட எனக்கு வேறு உதாரணம் வேண்டாம்.

களவு நிற்க வேண்டும் என்றால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்று: எட்டு வீட்டுப் பொருளும் எங்கே போனது? தூளுக்குக் காசு தேடுகிறவன் மோட்டாரை வீட்டில் வைத்திருக்க மாட்டான். பழைய இரும்பு எடுக்கிற இடமோ, பாதி விலைக்கு வாங்குகிற தெரிந்த ஒருவரோ இருக்கிறார். கள்ளப்பொருள் என்று தெரிந்து வாங்குவதும் சிறைக்குரிய குற்றம். அந்த ஆளைப் பற்றி ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும். அதை முறைப்பாட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் அடுத்த பொடியன் மோட்டாரைத் தூக்கமாட்டான்.

அவனுடைய போதைப் பழக்கம் பற்றியும் ஒரு சொல். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி போதைக்கு அடிமையானவர்களைச் சிகிச்சைக்கு அனுப்ப வழி இருக்கிறது. கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய பிறகு, கட்டாயப்படுத்தி அனுப்புவதை நான் யாருக்கும் முதல் வழியாகச் சொல்வதில்லை. அவனுடைய தாயே அவனை அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். குற்றத்தை அவன் ஒப்புக்கொண்டால், சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை கேட்கவும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அப்படியொரு கட்டளை கிடைத்தால் ஊரிலேயே இருந்து பொதுவேலை செய்ய வேண்டும், அலுவலரின் கண்காணிப்பிலும் இருப்பான். அவன் அடுத்த இருபது வருடமும் உங்கள் பக்கத்து ஒழுங்கையில்தான் வாழப் போகிறான். அதனால்தான் இதை உங்களிடமும் சொல்கிறேன்.

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது சிங்களத்தில் எழுதிய அந்த வாக்குமூலம். கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை, யாரும் தருகிற சலுகை கிடையாது. விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டி, திருத்தவும் சேர்க்கவும் விட வேண்டும் என்பது சட்டம். இது வெறும் மான அவமானப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கு விசாரணை நாளில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சாட்சிக்கூட்டில் நீங்கள் "இரவு இரண்டு மணி, வெளிலைட் எரிந்தது, முகத்தைக் கண்டேன்" என்று சொல்வீர்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உங்கள் வாக்குமூலத்தைக் கையில் எடுப்பார். அதில் "சத்தம் கேட்டு வந்தேன், பிடித்து வைத்திருந்ததைக் கண்டேன்" என்று மட்டும் இருக்கலாம். மொழிபெயர்த்து எழுதும் அவசரத்தில் இரண்டு வரி விடுபட்டிருக்கும். கையெழுத்து உங்களுடையது. அந்த முரண்பாட்டை உங்கள் முகத்துக்கு நேரே போட்டு, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று காட்டுவார். அது அவருடைய தொழில், அவரைக் குறைசொல்ல முடியாது. திருகோணமலையில் உண்மையான சாட்சிகள் இப்படி விழுந்து போவது பெரிய அநியாயம், அதைக் காணும் ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

திருத்த இன்னும் காலம் இருக்கிறது. நடந்ததை உங்கள் சொல்லிலேயே தமிழில் ஒரு கடதாசியில் எழுதுங்கள். நேரம், வெளிச்சம், எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், அவன் கையில் என்ன இருந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள், எல்லாம் வரட்டும். அவனை அடித்ததைப் பற்றி எழுதும் பகுதியை மட்டும் மகனின் சட்டத்தரணியிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு, மேலதிக வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன், தமிழில் பதியுங்கள் என்று பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள். தமிழ் தெரிந்த அலுவலர் அன்றைக்கு இல்லையென்றால் வேறு நாள் கேளுங்கள், விளங்காத எழுத்தில் திரும்பவும் கையெழுத்து வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பிரதியும் கேளுங்கள். மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு எழுத்தில் அறிவியுங்கள், அதற்கு மேல் தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்கென்று பொலிஸ் பிரிவு எழுதப்பட்டது. அது இன்றுவரை கடதாசியில்தான் கிடக்கிறது. ஊர்மொழி பேசும் அலுவலர் ஒவ்வொரு நிலையத்திலும் எந்நேரமும் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் மாதர் சங்கமும் மீனவர் சங்கமும் சேர்ந்து கையெழுத்து வைத்து இதை ஒரு கோரிக்கையாகக் கொடுக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரரின் பயத்தை நான் சின்னதாக எடுக்கமாட்டேன். இந்த ஊரில் அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சான்று இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். முக்கிய சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே போயிருந்தார்கள். அந்தக் குடும்பங்களைக் காக்க வேண்டிய அரசு காக்கவில்லை. அதைப் பார்த்த ஒரு தகப்பன் "சாட்சிக்குப் போகாதே" என்று சொன்னால் நான் எப்படிக் கோபிக்க முடியும்? ஆனால் உங்கள் வழக்கு அது இல்லை. எதிரே நிற்பது ஓர் இருபது வயதுப் பொடியன், அதிகாரம் இல்லை, ஆயுதம் இல்லை. அன்றைக்கு இல்லாத சட்டமும் இன்று இருக்கிறது. சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் முதலில் வந்தது, 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. சாட்சியை மிரட்டுவது அதன்படி தனிக் குற்றம், எளிதில் பிணை கிடைக்காத குற்றம். அவனோ அவனுடைய ஆட்களோ ஒரு சொல் சொன்னாலும் நாள், நேரம் குறித்து அன்றே முறைப்பாடு கொடுங்கள்.

ஊரே இரவில் காவல் நிற்பது பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். நிற்கலாம். சிவில் பாதுகாப்புக் குழு என்று பொலிஸோடு சேர்ந்து பதிவாக நில்லுங்கள். பொல்லு வேண்டாம், போகிற வருகிறவர்களை மறித்துச் சோதிக்கவும் வேண்டாம். சந்தேகம் என்றால் 119க்கு அடித்து, அடித்த நேரத்தையும் பொலிஸ் வந்த நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பொலிஸ் வரவில்லை என்று மேலிடத்தில் முறையிட அந்தக் கொப்பிதான் உதவும். ஒழுங்கை விளக்கு எரியவில்லை என்றால் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுங்கள். கமரா பூட்டப் போகிறீர்கள் என்றால் அதன் திகதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிழையான நேரம் காட்டும் பதிவை வைத்து வாதாடுவது மிகக் கஷ்டம்.

கடைசியாக மகனின் வழக்கு. காயம் சிறியதென்று வைத்திய அறிக்கை சொன்னால் அது, இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமரசம் பேசும் மத்தியஸ்த சபைக்குப் போகக்கூடிய வகை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. அங்கே இரண்டு தாய்மாரும் ஒரே மேசையில் இருப்பீர்கள். மகன் அடித்ததற்கு வருத்தம் தெரிவிக்கவும், மருந்துச் செலவு கொடுக்கவும் தயாராக இருந்தால் அது அங்கேயே தீரலாம். ஆனால் "நீ உன் முறைப்பாட்டை எடு, நான் என் களவு முறைப்பாட்டை எடுக்கிறேன்" என்று வெளியில் பேரம் பேசப் போக வேண்டாம். அப்படிச் செய்தால் மற்ற ஏழு வீட்டுக்காரரும் நடுத்தெருவில் நிற்பார்கள். வாக்குமூலத்துக்கு மகன் போகும் நாளுக்கு முன்பே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். போகும்போது பொலிஸ் அனுப்பிய அழைப்பு, மகனின் அடையாள அட்டை, மோட்டார் பற்றுச்சீட்டு, நீங்கள் தமிழில் எழுதிய கடதாசி, இந்த நான்கையும் கையில் கொண்டுபோங்கள்.